வயிறு அறுத்த பூக்கள்

ஜனவரி 27, செவ்வாய்

பனி. ஏரி கண்ணுக்கே தெரியவில்லை. துவைத்துப் போட்டது எதுவும் காயாது.

காலையில் தண்ணீர் டிரம்முக்குப் பின்னால் ஒன்று பார்த்தேன். மீன் பெட்டி மூடியில் உடைத்த தெர்மாகோல் துண்டு, உள்ளங்கை அகலம். அதன்மேல் எருக்கம்பூ. முழுப் பூ இல்லை. இதழ்களைப் பிய்த்து ஒரு ஓரமாக அடுக்கி, நடுவில் கிரீடம் போல இருப்பதைப் பிளந்து, அதற்குள் இருந்த இரண்டு பச்சைப் பொட்டுகளையும் குறுக்கே அறுத்து, பக்கத்துக்கு ஒரு குண்டூசி குத்தி.

பூவின் வயிறு அது. வயிற்றை அறுத்து ஊசி குத்தி, ஏழு மாதக்காரி நான் தினமும் தண்ணீர் மொள்ளுகிற இடத்தில் வைத்திருக்கிறார்கள்.

கிட்டே குனிந்து பார்த்தேன். கல்யாணத்துக்கு முன்னால் கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஒரு கம்பெனியில் குவாலிட்டி செக்கிங் வேலை. குறை கண்டுபிடிப்பதற்குத்தான் சம்பளம். அந்தக் கண் இன்னும் போகவில்லை. இது பிளேடு வெட்டு. அரிவாள்மனை இப்படி வெட்டாது, நசுக்கிவிடும். பொறுமையாக உட்கார்ந்து செய்த வேலை. கோபத்தில் செய்திருந்தால்கூட மன்னித்துவிடலாம்.

குச்சியால் தள்ளி வாய்க்காலில் போட்டேன். தலைக்குக் குளித்தேன். யாரிடமும் சொல்லவில்லை. யாரிடம் சொல்வது? வீட்டில் நான், அவர், அவருடைய அண்ணன், அண்ணன் மனைவி சரோஜா அக்கா, அவர்கள் மகள் அமுதா. ஐந்து பேர், ஒரே அடுப்பு, ஒரே போட். இதில் ஒரு ஆள்.

இரும்பு மாத்திரை போட மறந்தாயிற்று.

ஜனவரி 28, புதன்

அவருடைய ஷேவிங் பிளேடு பாக்கெட் பிரிந்திருக்கிறது. அவர் முகத்தில் பொங்கலிலிருந்து வளர்ந்த தாடி. யார் எடுத்தது என்று கேட்டேன்.

"அண்ணன் எட்த்திருக்கும். வலைல சிக்கு அறுக்க."

அவ்வளவுதான். இந்த மனுஷனுக்குச் சந்தேகம் என்பதே வராது. அவர் பங்குக்கும் சேர்த்து நான்தான் சந்தேகப்பட வேண்டியிருக்கிறது.

பத்து மணி வாக்கில் அக்கா வேலியோரம் நின்று பக்கத்து வீட்டு எல்லம்மாவோடு பேசிக்கொண்டிருந்தாள். காதில் விழுந்தது இவ்வளவுதான்.

"இன்னிக்குமா?"

"கம்முனு இரு. அவ காதுல வுழப் போவுது."

நான் போய் நின்றேன். இருவர் முகமும் மாறியது. அக்கா சொன்னாள், "தண்ணி வண்டி வருமான்னு பேசிகினு இருந்தோம்மா." தண்ணீர் வண்டி நேற்றுதான் வந்தது. நாளைக்கும் வராது. அது அக்காவுக்குத் தெரியும். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பது சரிதான்.

ஜனவரி 30, வெள்ளி

பனி குறைவு. இறால் இல்லை. முகத்துவாரம் தூர்ந்துகொண்டே வருகிறது. கடல் தண்ணீர் உள்ளே ஏறினால்தானே இறால் ஏறும். ஆனால் கரையில் யாரும் மணலைத் திட்டுவதில்லை. "எவன் கண்ணு பட்டுதோ" என்கிறார்கள்.

இன்றைக்கு ஊமத்தை.

வலைக் கொட்டகையில், சுருட்டி வைத்த நண்டு வலைக்குக் கீழே. அதே தெர்மாகோல், அதே குண்டூசி. பூவின் அடியில் இருக்கும் குட்டிக் காயை வட்ட வட்டமாக நறுக்கி, நாலு துண்டு வரிசையாக. உள்ளே அறை அறையாக, அறைக்குள் பொடிப் பொடியாக வெள்ளை விதை. ஒரு துண்டில் இரண்டு அறை. மற்றதில் நாலு. அது ஏன் என்று தெரியவில்லை. ஏதோ கணக்கு இருக்கிறது.

ஊமத்தை விஷம். கர்ப்பக்காரி இருக்கிற வீட்டுக்குள் எடுத்து வரக் கூடாது என்று நான் வந்த புதிதில் சொன்னதே அக்காதான். எருக்கும் கூடாது என்றாள். எது எது கூடாது என்று நன்றாகத் தெரிந்தவள்.

வயிற்றில் கை வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். உதைத்தது. அழுதுவிட்டேன். முதலாவது மூன்றாம் மாதத்தில் போயிற்று. இரண்டாவது ஐந்தில். அப்போதெல்லாம் இந்த மாதிரி எதையும் தேடிப் பார்க்கத் தோன்றவில்லையே. இருந்திருக்குமோ?

பிப்ரவரி 1, ஞாயிறு

வெயில் நல்ல வெயில். பாய், தலையணை எல்லாம் காயப்போட்டேன்.

ஆள் பட்டியல்.

ச. அக்கா: கை சுத்தம், பொறுமை, காரணம் மூன்றும் உண்டு. அவளுக்கு ஒரே பெண். எனக்குப் பையன் பிறந்தால் நாளைக்கு போட் யாருக்கு?

எல்லம்மா: வாய் மட்டும்தான். பிளேடு பிடிக்கப் பொறுமை கிடையாது.

பெரியவர் (அண்ணன்): ஊசி எந்தப் பக்கம் கூர் என்றே தெரியாது.

அமுதா: பிளஸ் ஒன் படிக்கிற பிள்ளை. வாயில்லாப் பூச்சி. பெயரை அடித்துவிட்டேன்.

மிச்சம் ஒரே பெயர்.

அக்கா கையால் சாப்பிடுவதை நிறுத்தினேன். மசக்கை என்றேன். ஏழாம் மாதத்தில் என்ன மசக்கை என்று அவள் கேட்கவில்லை. பார்த்தாள், அவ்வளவுதான். மத்தியானம் மடவை மீன் குழம்பு கிண்ணத்தில் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். நான் அதைப் பூனைக்கு ஊற்றிவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்தேன். பூனை தின்றது, முகம் கழுவியது, தூங்கியது, எழுந்து வந்து இன்னும் கேட்டது. எனக்கு பன்னும் டீயும். வாசனை மட்டும் வீடெல்லாம்.

நான் பைத்தியமாகிக்கொண்டிருக்கிறேனா என்றும் ஒரு சந்தேகம். அதையும் பட்டியலில் சேர்க்க வேண்டும்.

பிப்ரவரி 3, செவ்வாய்

காலையில் அவரே வந்தார். கையில் தெர்மாகோல். போட்டின் முன்பக்கப் பொந்தில் இருந்ததாம். நித்தியகல்யாணிப் பூ, இங்கே சுடுகாட்டு மணலில்தான் அது நிறைய. இதழில்லை. அடியில் இரட்டையாக நிற்கிற பச்சை முளை இரண்டையும் பிரித்து, ஊசி குத்தியிருந்தது.

"இத்த யாரு வெச்சது?" என்று என்னைக் கேட்டார். அவர் முகத்தில் அப்படி ஒரு பயத்தை நான் பார்த்ததே இல்லை. போட் என்றால் இவர்களுக்கு அவ்வளவு. செருப்போடு ஏற மாட்டார்கள். வயசுக்கு வந்த பெண்கள் தொழில் போட்டில் கால் வைக்கக் கூடாது.

எல்லாவற்றையும் சொன்னேன். டிரம், கொட்டகை, பிளேடு, வேலியோரப் பேச்சு. பட்டியலையும் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே அது அவ்வளவு கச்சிதமாக இருந்தது. ஒரு ஓட்டை இல்லை.

அவர் நேராகக் கரைக்குப் போனார். கொஞ்ச நேரத்தில் சத்தம் இங்கே கேட்டது.

"அண்ணிய வுட்டு வெக்கச் சொல்லிட்டு நீ நாடகம் ஆடறியா?"

"டேய், யார இன்னா பேசற? நாக்க அறுத்துருவேன்!"

அண்ணன் தம்பி சட்டையைப் பிடித்துக்கொண்டார்களாம். சுற்றி நின்றவர்கள் பிரித்துவிட்டார்கள். மத்தியானத்துக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை பஞ்சாயத்து. கோயில் முன்னால் அக்கா கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்ய வேண்டும். அவர் அதற்கும் மேலே போய்விட்டார். "அட்ச்சாலும் சரி, அடிக்காட்டியும் சரி, எவன் வெச்சான்னு தெரியாம அந்த போட்ல நான் ஏற மாட்டேன். பிரிச்சிக் குடு."

ஒரு போட்டை எப்படிப் பிரிப்பது? விற்றுத்தான். விற்றால் இரண்டு பேரும் கூலிக்குப் போக வேண்டும்.

சாயங்காலம் அக்கா எனக்கென்று தனியாக ஒரு ஸ்டவ்வைக் கழுவித் துடைத்து என் அறை வாசலில் வைத்தாள். கண் வீங்கியிருந்தது. பாவமாகக்கூட இருந்தது. கண்ணை மூடிப் பால் குடிக்கிற பூனையும் பார்க்கப் பாவமாகத்தான் இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பிப்ரவரி 5, வியாழன்

பழவேற்காடு ஆஸ்பத்திரி. பி.பி. கொஞ்சம் அதிகம். நர்சம்மா திட்டினாள், "இன்னாத்த மனசுல போட்டுகினு கீற?" குழந்தை நன்றாக இருக்கிறது.

திரும்பும்போது தோணிரேவு ஸ்டாப்பில் இறங்கிக் குறுக்கு வழியில் வந்தேன். கருவேல மரத்துக்குப் பின்னால், உடைந்து கிடக்கும் பழைய தோணியில் பள்ளிக்கூட நீல யூனிஃபார்ம். முதுகு காட்டி உட்கார்ந்திருந்தாள் அமுதா. மடியில் தெர்மாகோல். கையில் பிளேடு. ஊமத்தம்பூவின் வயிற்றை அறுத்துக்கொண்டிருந்தாள்.

கருவேல மரத்தைச் சுற்றிக் கிட்டே போனேன். அவள் திரும்பிப் பார்த்துவிட்டு, "சித்தி!" என்று கத்தி எல்லாவற்றையும் மணலில் கொட்டினாள். அழுகை.

"இன்னாடி இது?"

"பிராக்டிகல், சித்தி."

"எது பிராக்டிகலு? ஊமத்தங்காய ஊசில குத்தறதா?"

"தாவரவியல், சித்தி. மண்டே எக்ஸாம். வெளி ஸ்கூல்லேர்ந்து டீச்சர் வந்து ஆளுக்கு ஒரு பூ குடுப்பாங்க. அறுத்துப் பாத்து, சூலக இலை எத்தினி கீது, ஒட்டிகினு கீதா தனித்தனியா கீதான்னு சொல்லணும்."

மாடல் டெஸ்டில் ஊமத்தை வந்ததாம். நாலு அறை தெரிந்ததால் நாலு சூலக இலை என்று எழுதிவிட்டாள். இரண்டுதான் என்று டீச்சர் எல்லார் முன்னாலும் நிற்கவைத்தாளாம். அன்றிலிருந்து கிடைத்த பூவையெல்லாம் அறுத்துப் பழகுகிறாள். ஊசி குத்துவது காற்றில் பறக்காமல் இருக்க, பார்த்து வரைய. எருக்கும் ஊமத்தையும் வீட்டுக்குள் கூடாது என்று அம்மா சொல்லியிருப்பதால் ஒளித்து ஒளித்து வைத்திருக்கிறாள். மறுநாள் வரையலாம் என்று போய்ப் பார்த்தால் காணோம். மறுபடியும் புதுப் பூ. நாங்கள் எடுக்க எடுக்க அவள் அறுத்துக்கொண்டே இருந்திருக்கிறாள்.

"அத்தினி சண்டை நடந்துதே, வாயத் தொறந்து சொல்றதுக்கின்னா?"

"போட்ல ஏறி குந்திகினு வரைஞ்சேன், சித்தி. அங்கதான் நல்லா வெளிச்சம். நைனாக்குத் தெரிஞ்சா அன்னிக்கே ஸ்கூல நிறுத்திடும். அத்தை வேற வந்து அது புள்ளைக்கு என்னப் பொண்ணு கேட்டுகினு கீது. சொல்லாத சித்தி. உன் கால்ல வுழறேன்."

விழுந்தும்விட்டாள். தூக்கி நிறுத்த எனக்குக் குனிய முடியவில்லை.

பிப்ரவரி 6, வெள்ளி

தூக்கமில்லை. எனக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை என்பதை இங்கே எழுதித்தான் ஆக வேண்டும். அம்மாவைக் காப்பாற்ற அம்மாவே சொல்லிக்கொடுத்த கதையாக இருந்தால்? பழைய தோணியில் நான் வருகிற நேரம் பார்த்து உட்காரவைத்திருந்தால்?

அதனால் சோதித்தேன். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அவளை அதே தோணிக்குக் கூட்டிப்போனேன். வழியில் பூக்களை நானே பறித்தேன், அவளைப் பறிக்க விடவில்லை. "அறுத்துக் காட்டு. எனக்குப் புரியற மாதிரி சொல்லு."

அழுகை எங்கோ போய்விட்டது. பேச்சு அருவிபோல் வந்தது. வாயில்லாப் பூச்சி என்று எழுதியிருந்தேன்.

பூவின் நடுவில் இருக்கிற பெண் பாகம் சூலகமாம். அது இலை மடிந்து ஓரம் ஒட்டி ஆனதாம். அவரைக்காயைப் பிளந்தால் ஓரத்தில் விதை ஒட்டியிருக்கிறதே, அது ஒரே இலை மடிந்தது. பூவரசம்பூவில் ஐந்து இலை பக்கம் பக்கமாக நின்று ஒன்றாக ஒட்டிக்கொண்டது. அறுத்தால் ஐந்து அறை. பள்ளிக்கூடத்தில் நிற்கிற நெட்டிலிங்க மரத்துப் பூவில் நிறைய, ஆனால் ஒன்றோடு ஒன்று ஒட்டாது, அதனால்தான் ஒரே பூவிலிருந்து கொத்தாகக் காய்க்கிறது.

எருக்கு கொடுத்தேன். கீழே இரண்டு வயிறு, தனித்தனி. நடுவில் பிளேடு நுனி போகிற அளவுக்கு இடம். மேலே போனால் தலை மட்டும் ஒன்று. "கீழ ஒட்டாது சித்தி, தலைல மட்டும் ஒட்டிகினு கீது பாரு." லென்ஸில் பார்த்தேன். உண்மை. நித்தியகல்யாணியும் கிட்டத்தட்ட அதே. கீழே இரண்டு, மேலே தண்டு ஒன்று.

பிறகு ஊமத்தை. அன்று கொட்டகையில் பார்த்த துண்டுகள் எப்படி இருந்தன என்று அவளிடம் சொல்லவே இல்லை. அவளாகவே நுனியில் ஒரு துண்டு நறுக்கினாள். இரண்டு அறை. கீழே நறுக்கினாள். நாலு.

"ரெண்டு இலைதான். வளர வளர நடுவுல ஒரு சுவரு எயும்பி நாலாக்கிடுது. அது நெஜச் சுவரு இல்ல, போலிச் சுவரு. மேல வரைக்கும் வராது. அதான் நுனில அறுத்துப் பாக்கணும்."

ஒரு துண்டில் இரண்டு, மற்றதில் நாலு. நான் எழுதி வைத்ததுதான். இப்படி ஒரு கதையை யாரும் சொல்லிக்கொடுத்திருக்க முடியாது. சரக்கு பாஸ்.

வீட்டுக்கு வந்து வெண்டைக்காய் நறுக்கும்போது ஒவ்வொரு துண்டாக எடுத்துப் பார்த்தேன். ஐந்து, ஐந்து, ஐந்து. இத்தனை வருடமாக நறுக்குகிறேன், எண்ணியதே இல்லை. அப்புறம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அக்காவின் பெயரை ஊர் முழுக்கத் தெருவில் இழுத்தாயிற்று. நான்தான் இழுத்தேன்.

உண்மையைச் சொன்னால் அமுதாவின் படிப்பு போகும். சொல்லாவிட்டால் போட் போகும், அண்ணன் தம்பி உறவு போகும். அக்கா ஊர் நடுவே நிற்க வேண்டும்.

எவ்வளவு யோசித்தும் வழி தெரியவில்லை. முதலில் அக்காவிடம் சொல்லிவிட வேண்டும். அவள் என்னை அடித்தாலும் பரவாயில்லை.

பிப்ரவரி 7, சனி

வாடைக்காற்று. கொல்லைக் கதவு அடித்துக்கொண்டே இருக்கிறது.

ஆண்கள் இருவரும் வீட்டில் இல்லை. அமுதா ஸ்பெஷல் கிளாஸ். அக்கா கொல்லையில் உட்கார்ந்து நண்டு உடைத்துக்கொண்டிருந்தாள். எதிரில் போய் உட்கார்ந்தேன். நாலு நாளாக நாங்கள் பேசவில்லை.

"அக்கா, அந்தப் பூவ வெச்சது யாருன்னா..."

"வேணாம் வாணி. சொல்லாத."

"இல்லக்கா, கேளு."

"எனக்குத் தெரியும்மா. பொங்கலுக்கு முன்னாலயே தெரியும். கேக்கக் கூடாதுன்னுதான் கீறேன்."

அமுதா விஷயம் அவளுக்கு முன்பே தெரியும் என்று நினைத்துக்கொண்டேன். கோபம்கூட வந்தது. "தெரிஞ்சுமா கம்முனு இருந்த?"

நண்டை வைத்துவிட்டுக் கையைப் புடவையில் துடைத்தாள். "வேற இன்னா பண்ணச் சொல்ற? ரெண்டு புள்ள போயிடுச்சி உனக்கு. உங்க அம்மா வூட்ல, திருப்பாலைவனத்துல யாராவது கழிப்பு கழிச்சி வெக்கச் சொல்லியிருப்பாங்க. பயத்துல வெச்சிட்ட. நான் அத்தப் பேசி ஊரக் கூட்டினா உன் வவுத்துல கீற புள்ள தாங்குமா?"

அப்போதுதான் உறைத்தது. நான் வைத்தேன் என்று நினைத்திருக்கிறாள். என் வயிற்றைச் சுற்றியிருக்கும் கெடுதலைக் கழித்துப் பூவில் இறக்கி இந்த வீட்டில் வைத்துவிட்டேன், யார் முதலில் மிதிக்கிறார்களோ அவர்கள்மேல் அது போகும் என்று. எல்லம்மாவும் அப்படித்தான் சொன்னாளாம். ஊரில் பாதிப் பேர் அப்படித்தான் சொன்னார்களாம்.

"அமுதா மிதிச்சிடுவாளோன்னு ஒரே திகிலு. எட்த்து வெளிய போட்டா வெச்சவளுக்கே திரும்பிடும்னு எல்லம்மா சொன்னா. உனக்குத் திரும்பினா எப்பிடி? அதான் டெய்லி எயுந்தவுடனே தேடிகினு போவேன். கண்ணுல பட்டா நானே மிதிச்சிடுவேன். மிதிச்சிட்டா அப்பால ஒண்ணுமில்ல, வாரிப் போட்டுடலாம். எனக்கின்னா, என்மேல வரட்டும்."

காலைக் காட்டினாள். குதிகாலில் குண்டூசி ஏறிய இடம் கறுத்திருந்தது.

அவள் கையால் கொடுத்த குழம்பை நான் பூனைக்கு ஊற்றினேன். அவள் என்மேல் இருந்த கெடுதலைத் தேடிப்போய் மிதித்திருக்கிறாள்.

அமுதாவைப் பற்றிச் சொன்னேன். பிராக்டிகல், பிளேடு, போட்டில் ஏறியது எல்லாம். அக்கா வாயைப் பிளந்து கேட்டாள். நான் முடித்த பிறகு அவள் கேட்ட முதல் கேள்வி மகளைப் பற்றி இல்லை.

"அப்ப நீ இல்லியா?"

"இல்லக்கா."

"நெஜமாவே நீ இல்லியா?"

அழுதாள். சிரித்தாள். என் தலையில் ஒரு குட்டு வைத்தாள். பிறகு பயம் வந்துவிட்டது. "அந்த மனுசன் கைல அமுதா போட்ல ஏறினத சொல்லாதம்மா. பரிட்சைக்கு அனுப்ப மாட்டாரு. நாளைக்கு நான் கற்பூரம் அட்ச்சிடறேன். நான் வெக்கலல்ல? பொய் சத்தியம் இல்லியே."

"அட்ச்சாலும் போட்ட பிரிக்கணும்னு கீறாரே இவரு. வெச்சது யாருன்னு தெரியணுமாம்."

அக்கா மறுபடியும் நண்டை எடுத்து உடைத்தாள். நண்டுக் குழம்பு சாப்பிட்டேன். மூன்று தரம் வாங்கிச் சாப்பிட்டேன்.

பிப்ரவரி 8, ஞாயிறு

இன்றைக்கு எழுத முடியாது.

பிப்ரவரி 9, திங்கள்

காற்று இல்லை. ஏரி எண்ணெய் ஊற்றியதுபோல் கிடக்கிறது. விடியும் முன்பே இருவரும் போய்விட்டார்கள், ஒரே போட்டில்.

அமுதா நாலு மணிக்கு வந்தாள். வாசலிலேயே கத்தினாள். அவளுக்கு வந்தது சங்குப்பூவாம். ஒரே ஒரு சூலக இலை. ஒட்டியிருக்கிறதா, பிரிந்திருக்கிறதா என்ற கேள்விக்கே இடமில்லை. "அத்தினி ஊமத்தய அறுத்தேனே சித்தி, கட்சீல சங்குப்பூ!" பக்கத்துப் பெண்ணுக்கு ஊமத்தை. அவள் நாலு என்று எழுதிவிட்டாளாம். அதில் இவளுக்கு ஒரு சந்தோஷம்.

நேற்று நடந்ததை எழுதிவிடுகிறேன்.

கோயில் முன்னால் கூட்டம். பெண்கள் ஒரு பக்கம். அக்கா தலைக்குக் குளித்து, ஈரப் புடவையோடு நின்றாள். தட்டில் கற்பூரம் ஏற்றியாயிற்று. அவள் ஒரு அடி எடுத்து வைத்தாள். நொண்டினாள், ஊசி ஏறிய கால். எனக்கு அதைப் பார்க்க முடியவில்லை. எழுந்தேன். எழவே கொஞ்ச நேரம் ஆயிற்று.

"அக்கா அடிக்க வேணாம். வெச்சது நான்தான்."

முன்கூட்டி யோசித்த முடிவில்லை. ஆனால் வாயில் வந்த பிறகு என் பழைய மூளை வேலை செய்யத் தொடங்கியது. என்னென்ன கேட்பார்கள் என்று நின்ற இடத்திலேயே பதில் தயார் செய்தேன். ஊமத்தை எங்கே பறித்தாய், இந்த வயிற்றோடு போட்டில் எப்படி ஏறினாய், நீயே வைத்துவிட்டு நீயே ஏன் புகார் சொன்னாய். கடைசிக் கேள்விக்கு மட்டும் என்னிடம் பதிலே இல்லை. கதையில் அவ்வளவு பெரிய ஓட்டை. கம்பெனியாக இருந்தால் அந்த இடத்திலேயே ரிஜெக்ட்.

ஊர்ப் பெரியவர் ஒன்றே ஒன்று கேட்டார். "பயத்துல பண்ணிட்டியாம்மா?"

"ஆமா."

"செரி. போட்ட மஞ்சத் தண்ணி வுட்டுக் கழுவி, எலுமிச்சம்பழம் சுத்திப் போடுங்க. வவுத்துப்புள்ளக்காரி. இத்தோட வுட்டுடுங்கப்பா. எதையும் பிரிக்க வேணாம்."

அவருடைய அண்ணன் வந்து அவர் தோளில் கை போட்டார். "வுட்றா. அவ இன்னா வேணும்னேவா பண்ணா?" அவர் அண்ணனின் கையைத் தட்டிவிடவில்லை. ஆனால் என்னைப் பார்க்கவில்லை. இன்னும் பார்க்கவில்லை. அவரிடம் சொல்ல முடியாது. சொன்னால் இரண்டே நாளில் அண்ணனிடம் உளறிவிடுவார். அமுதா பிளஸ் டூ முடிக்கிற வரையாவது இப்படியே கிடக்கட்டும்.

கூட்டம் கலைந்தபோது காது கொடுத்துக் கேட்டேன். யாராவது "அவளா?" என்று கேட்பார்களா என்று. எல்லம்மா யாரிடமோ, "நான் அப்பவே சொல்லல?" என்றாள். மற்றவர்கள் தண்ணீர் வண்டியைப் பற்றிப் பேசிக்கொண்டு போனார்கள். நாலு வருடமாக இவர்களோடுதான் இருக்கிறேன், ஒருத்தர் முகத்திலும் ஆச்சரியம் இல்லை.

நான் எழுந்து நின்று அதைச் சொன்னபோது, அத்தனை பேரில் அதிர்ந்துபோய்த் திரும்பிப் பார்த்தது அக்கா ஒருத்திதான்.